பிரணவ் மாமாவின் காலித்தலை

"தாலியை ஐயர்கிட்ட குடுத்துட்டீங்களா, மதினி?"

சம்பந்தியம்மா சுஷ்மிதா கேட்டது இவ்வளவுதான். சம்யுக்தா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. கண் மேலே போய் மண்டபத்து மின்விசிறியில் ஒட்டிக்கொண்டது.

"தூரத்துல இருக்கா?" என்று பதமாகக் கேட்டாள் சுஷ்மிதா.

"ஆமா. வருது, வருது."

சுஷ்மிதா மரியாதையாகக் காத்திருந்தாள். அந்தக் காலத்தில் அதுதான் நாகரிகம். ஒருவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், அவருடைய ஞாபகம் வேறு யார் தலையிலிருந்தோ கிளம்பி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் பேச்சுக் கொடுத்தால் வந்தது திரும்பிப் போய்விடும் என்று சிலர் நம்பினார்கள். அது சுத்தப் பொய், ஆனாலும் யாருக்கும் சோதித்துப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அப்போது சம்யுக்தாவின் முகம் மலர்ந்தது.

"ரமேஷ்பாபு!" என்றாள்.

"யாரு ரமேஷ்பாபு? தாலி அவர்கிட்டயா இருக்கு?"

சம்யுக்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரமேஷ்பாபு அவளுடைய மாமனாரின் அண்ணன். முந்தின நாள் நிச்சயதார்த்தத்தில் இதே சுஷ்மிதா, "உங்க பெரிய மாமனார் பேரு என்ன?" என்று கேட்டிருந்தாள். அதற்கான பதில் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் தலையிலிருந்து இப்போதுதான் ஆடி அசைந்து வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர், "ரமேஷ்பாபு சார் எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டு பந்திக் கூடம் வரை போய்விட்டார்கள். மனுஷன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, பாவம்.

தாலி மாப்பிள்ளை வீட்டார் செய்தது. அதைப் பெண் வீட்டுச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, முகூர்த்தத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். கும்பிட்டாயிற்று. அதற்குப் பிறகு சம்யுக்தா அதை எங்கேயோ பத்திரமாக வைத்தாள். ரொம்ப ரொம்பப் பத்திரமாக. அந்த எங்கேயோ என்பது இப்போது அவள் தலையில் இல்லை. அவள் தம்பி பிரணவின் தலையில் இருந்தது. அந்தத் தம்பியோ கல்யாணத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கூட்டுத்தலைத் திட்டம் வந்தபோது விருதுநகரே கொண்டாடியது. பின்னே என்ன? ஆளுக்கு ஆயிரத்தெட்டுக் கடவுச்சொல். ரேஷன் கடைக்கு ஒரு ரகசிய எண், வீட்டுக் கதவுக்கு ஒன்று, கதவு சந்தேகப்பட்டால் சொல்ல இன்னொன்று. மனிதத் தலை எவ்வளவுதான் தாங்கும்? காதுக்குப் பின்னால் மிளகு சைஸில் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டால் போதும். அன்றாடம் வேண்டியது உங்கள் தலையிலேயே இருக்கும். எப்போதாவது வேண்டியது, குடும்பத்தில் யார் தலையில் இடம் இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நினைத்தால் திரும்பி வரும். ஜனங்கள் பேனா, டைரி, காலண்டர் எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள்.

சம்யுக்தா குடும்பத்தில் இடம் இருந்த தலை பிரணவுடையது. கல்யாணம் காட்சி கிடையாது, வழக்கு வியாஜ்யம் கிடையாது. நாகர்கோவிலில் ஒரு வாடகை சைக்கிள் கடை, அதுவும் மனசு வந்தால் திறப்பான். பொட்டு ஒட்ட வந்த கம்பெனிக்காரர் அவன் தலையைச் சோதித்துவிட்டு, "சார், மைதானம் மாதிரி இருக்கு சார்!" என்று அசந்துபோனார். அன்றைக்கே குடும்பம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு அங்கே குடியேறியது. "சும்மாதானே இருக்கான்" என்று எல்லாரும் சொன்னார்கள். சும்மா இருக்க அவனுக்கு எங்கே நேரம்? சாப்பிட உட்கார்ந்தால் சித்தப்பா வந்து பீரோப் பூட்டின் எண்ணை எடுத்துக்கொண்டு போவார். சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை வந்து மாத்திரைப் பேரைத் தேடுவாள். தலைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி நாள் முழுக்க யாராவது வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள்.

காலித்தலைக்குக் கல்யாணச் சந்தையில் இருந்த மவுசைச் சொல்லி மாளாது. தன் மகன் சுடலைமுத்துவுக்குப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு சுஷ்மிதா நகையைப் பற்றி மூச்சே விடவில்லை. "பொண்ணோட தாய்மாமன் தலை நல்ல காலின்னு கேள்விப்பட்டோம்" என்றுதான் ஆரம்பித்தாள். பெண்ணின் பேர் பேச்சியம்மாள். சம்யுக்தா, சுஷ்மிதா என்று கிழவிப் பேராக வைத்த காலம் மலையேறி, பேச்சியம்மாள், சுடலைமுத்து என்று ஸ்டைலாக வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

எல்லாம் சரி, நாகர்கோவில் தள்ளி இருந்ததுதான் தொல்லை. கேட்டது ஒரு நேரம், கிடைப்பது ஒரு நேரம். ஒருமுறை காய்க்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த சம்யுக்தா, "துலாம் ராசி" என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அவரும் நல்ல மனுஷர், "எனக்குக் கன்னிம்மா" என்றார். இன்னொரு நாள் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று பிரணவின் பேர் மனசில் வந்து நின்றது. 'பாவம், தங்கமான பையன்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவை வழித்தாள்.

போதாக்குறைக்கு ஒரு வாரமாக அவளுக்குத் தன் மேலேயே கோபம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால், 'இவளுக்கு எவ்வளவு திமிர்' என்று பற்றிக்கொண்டு வந்தது. தானே போட்ட காபியை, "இவ கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று தள்ளி வைத்தாள். சாப்பாடும் இறங்கவில்லை. அவள் கணவன் நிதிலன், "பொண்ணு கல்யாணம்னா அப்படித்தான் இருக்கும் சம்யு" என்று அந்தக் காபியையும் சேர்த்துக் குடித்தான்.

இப்போது அதே நிதிலன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான்.

"மணமகள் அறை முழுக்கத் தேடியாச்சு. வண்டியில சீட்டுக்கு அடியிலகூடப் பாத்துட்டேன். உள்ள உக்காரவே முடியல, என்னமோ நாறுது. உன் தம்பி போனை அணைச்சு வச்சிருக்கான். தாலி இல்லாம நான் சம்பந்திங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"என்னைத் திட்டி என்னங்க பிரயோஜனம்? கம்பெனிக்குப் பேசுறேன், இருங்க."

சேவை மையத்தில் ஓர் இளம்பெண் எடுத்தாள். "வணக்கம், கூட்டுத்தலை. நான் மாடத்தி பேசுறேன்."

"அம்மா மாடத்தி, என் பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணம்."

"வாழ்த்துகள் மேடம்."

"வாழ்த்து இருக்கட்டும்மா. தாலி எங்க இருக்குன்னு என் தம்பி தலையிலேர்ந்து வரணும். வரமாட்டேங்குது. நாகர்கோவில்லேர்ந்து வர்றதுக்கு இவ்வளவு நேரமா?"

"பொதுவா வள்ளியூர், திருநெல்வேலி, கோவில்பட்டி, சாத்தூர்னு வழியில இருக்கிற தலைங்கதான் கைமாத்தி விடணும் மேடம். நடுவுல ஒரு தலை கிரிக்கெட் மேட்ச் பாத்துக்கிட்டிருந்தா, அது முடியறவரைக்கும் உங்க சரக்கு அங்கேயே நிக்கும். கடைசி ஓவர்னா நாங்களே ஒண்ணும் பண்ண முடியாது." தட்டச்சுச் சத்தம் கேட்டது. "ஆனா இது அந்தப் பிரச்சினை இல்ல. அவர் உங்களுக்கு ரொம்பப் பக்கத்துலதான் இருக்கிறதாக் காட்டுது."

"பக்கத்துலயா? அப்புறம் ஏம்மா வரல?"

"தலை கோபத்துல இருக்கு மேடம்."

"என்னது?"

"கோபத்துல இருக்கிற தலை கதவைச் சாத்திக்கும். எங்க இன்ஜினியருங்களும் முட்டிப் பாத்துட்டாங்க, திறக்க வழி தெரியல. அப்புறம் இன்னொண்ணு மேடம். அவர் தலையில அவரோட சொந்தச் சரக்கு ஒண்ணுகூட இல்லையே? எல்லாமே உங்க குடும்பத்துதா இருக்கு. இடம் பத்தலன்னா தலைக்குச் சொந்தக்காரரோட சரக்கையே தூக்கி வேற தலைக்கு..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா! கோபம் தீர என்ன பண்ணணும், அதைச் சொல்லு."

"மன்னிப்புக் கேட்டுப் பாருங்க மேடம். நிறைய இடத்துல வேலை செய்யுது."

மன்னிப்புக் கேட்கலாம். எதற்கென்று கேட்பது? அவனுக்கு யார் என்ன செய்தார்கள்? யாருக்கும் தெரியவில்லை. ஐயர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்து, "பொண்ணைக் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு வர தாய்மாமன் வந்துட்டாரோ?" என்று கேட்டார். சுஷ்மிதாவின் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. மணமகள் அறையில் பேச்சியம்மாள், "அம்மா, என்னம்மா நடக்குது? எனக்கு அழுகையா வருது" என்றாள். அதைக் கேட்டதும் சம்யுக்தா பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நிதிலன் பின்னாலேயே ஓடினான்.

பக்கத்தில் என்றால் அவ்வளவு பக்கத்தில்! மண்டபத்துக்கு நேர் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் பிரணவ். பட்டுச் சட்டை, கஞ்சி போட்ட வேட்டி, நெற்றியில் திருநீறு. பக்கத்தில் ஜரிகைத்தாள் மூடிய சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கடைக்காரர் மாட்டியிருந்த கண்ணாடியில் மண்டப வாசல் முழுசாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"டேய் பிரணவ்! இங்க என்னடா பண்ற?"

"டீ குடிக்கிறேன்."

"உள்ள வாடா!"

"வரமாட்டேன்."

"ஏண்டா? என்ன கோபம் உனக்கு?"

பிரணவ் தகரக் கூரையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"தெரியலக்கா. ஒரு வாரமா நெஞ்சு கனமா இருக்கு. உன் வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு மட்டும் தெரியுது. ஏன்னு யோசிச்சா ஒண்ணும் வரமாட்டேங்குது. காரணமே இல்லாம எப்படிக் கோச்சுக்கிறதுன்னுதான் சீரெல்லாம் எடுத்துக்கிட்டுக் கிளம்பி வந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்தேன். கால் உள்ள போகமாட்டேன்னுருச்சு."

டீக்கடைக்காரர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். "காலையிலேர்ந்து இதையேதாம்மா சொல்லிக்கிட்டிருக்காரு. ஆறு டீ ஆச்சு."

சம்யுக்தா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மாடத்தி சொல்ல வந்தது இப்போதுதான் உறைத்தது. சொந்தச் சரக்கைத் தூக்கி வேற தலைக்கு. எந்தத் தலைக்கு? ஒரு வாரமாகக் கண்ணாடியைப் பார்த்து முறைத்ததும், காபியைத் தள்ளி வைத்ததும் வரிசையாக ஞாபகம் வந்தன. அது அவளுடைய கோபமே இல்லை. வழி தெரியாமல் வந்து அவள் தலையில் தங்கிவிட்ட தம்பியின் கோபம். கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். சொந்தத் தலைதானே, ஒரு நொடிகூட ஆகவில்லை. பிரணவின் குரலிலேயே கேட்டது: 'ஊருக்கெல்லாம் தட்டு வச்சா. எனக்கு வைக்கல. எங்க அக்கா எனக்கு வைக்கல.'

கல்யாணம் என்றால் தாய்மாமனுக்குத்தான் முதல் அழைப்பு. நேரில் போய், வெற்றிலை பாக்கு, பழம், புது வேட்டி எல்லாம் தட்டில் வைத்துக் கூப்பிட வேண்டும். நிதிலன் போயிருப்பான் என்று இவள் இருந்தாள். இவள் போயிருப்பாள் என்று அவன் இருந்தான். ஒரு சாயங்காலம் இவளுக்கே சந்தேகம் வந்து, 'யாரையும் விட்டுடலையே?' என்று நினைத்ததுண்டு. அன்றைக்குக் கிரிக்கெட் இறுதிப் போட்டி. கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ ஏதோ ஒரு தலை கடைசி ஓவரில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மறுநாள் மாவு அரைக்கும்போதுதான் பதில் வந்தது. பிரணவ் என்று வந்தது. அதற்குள் அவள் கேள்வியையே மறந்துபோயிருந்தாள். தங்கமான பையன் என்று மெச்சிக்கொண்டு மாவை வழித்தாள்! இதைவிட மடத்தனம் உண்டா?

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, நிதிலன் அவளிடம் மெதுவாக விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். காதோரம் குனிந்து, "சொல்லாதே சம்யு" என்றான். "காரணம் உன் தலையிலதானே இருக்கு? அங்கேயே இருக்கட்டும். நாலு வார்த்தை நல்லதாப் பேசி உள்ள கூட்டிட்டு வந்துரு. காரணம் தெரிஞ்சா மனுஷன் ஊருக்கே கிளம்பிருவான். தாலியும் போச்சு, மானமும் போச்சு."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாசலில் சுஷ்மிதா வேறு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஆனால் பிரணவ் கையில் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு, தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தான். இத்தனை பேர் சரக்கை இத்தனை வருஷமாகச் சுமக்கிறவன், ஒரு நாள் ஒரு பூட்டு எண்ணைத் தொலைத்ததில்லை. அவனுக்கென்று இருந்தது இந்த ஒரே ஒரு கோபம். அதையும் பிடுங்கி வைத்துக்கொள்வதா?

"பிரணவ், நான் சொல்றேன். உன் கோபம் என்கிட்டதான் இருக்கு. கல்யாணத்துக்கு உன்னை நான் கூப்பிடலடா. தட்டு வைக்கல. மறந்துட்டேன்."

பிரணவ் அவளையே பார்த்தான். கண் மெல்ல விரிந்தது. பிறகு பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"அதானே பாத்தேன்! நான் பாட்டுக்கு எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு பயந்துக்கிட்டிருக்கேன்! சொந்தத் தாய்மாமனுக்குத் தட்டு வைக்கலையா? நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"பெரிய தப்பும்மா அது" என்றார் டீக்கடைக்காரர்.

"வேற யாராச்சும்னா கல்யாணத்தையே நிறுத்தியிருப்பாங்க" என்றார் பன் தின்றுகொண்டிருந்த யாரோ ஒருவர்.

பிரணவ் கத்தினான், மூக்கைச் சிந்தினான், மறுபடி கத்தினான். கத்தக் கத்த அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. சம்யுக்தா ஒன்றுக்கும் மறுத்துப் பேசவில்லை. டீக்கடைக்காரரிடம் வடைத்தட்டை வாங்கித் துடைத்தாள். பக்கத்துப் பெட்டிக்கடையில் வெற்றிலை பாக்கும், தொங்கிய தாரிலிருந்து ரெண்டு பழமும் வாங்கி வைத்தாள். தம்பி முன்னால் நின்று, இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள்.

"தம்பி, உங்க மருமக பேச்சியம்மாளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். நீங்க வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். பிரணவ் தொண்டையைச் செருமினான். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டான்.

"என்னிக்குக் கல்யாணம்?"

"இன்னிக்குத்தான். இப்பத்தான்."

"கொஞ்சம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பரவால்ல, வேற சோலி ஒண்ணும் இல்ல. வர்றேன்." தட்டை வாங்கிக்கொண்டான்.

அவ்வளவுதான், அவன் தலைக் கதவு திறந்துகொண்டது. மண்டபத்துக்குள் ஒரே கூச்சல். ஒரு வாரமாக உள்ளே அடைபட்டுக் கிடந்த ஞாபகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கொட்டின. சித்தப்பா மேடையருகே நின்று தன் பீரோ எண்ணை ஊருக்கே கேட்கும்படி கத்தினார். அத்தை இரண்டு மாத்திரையின் பேரை ராகத்தோடு சொன்னாள். நிதிலன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயையோ சம்யு, முந்தாநாள் நம்ம கல்யாண நாள்!" என்று அலறினான்.

"அதை அப்புறம் பாத்துக்கிறேன். வண்டி டிக்கியைத் திறங்க!" என்றாள் சம்யுக்தா. அவளுக்கு எல்லாம் வந்துவிட்டது.

டிக்கிக்குள் ஒரு துணிப்பை. பைக்குள் பிரணவுக்கு வைப்பதற்காக அவள் ஆசையாகத் தயார் செய்த தட்டு. அதில் புது வேட்டி, மேலே கருத்துக் கூழாகிப்போன வாழைப்பழம். நிதிலனுக்கு ஒரு வாரமாகப் புரியாத நாற்றம் புரிந்தது. வேட்டி மடிப்பைப் பிரித்தால் மஞ்சள் துணியில் தாலி! தம்பிக்குத் தட்டு வைக்கப் போகாமலா இருக்கப் போகிறோம், எடுக்கும்போது கண்ணில் படும் என்றுதான் அங்கே வைத்திருந்தாள். உலகத்திலேயே அவள் மறக்க முடியாத இடம் என்று அன்றைக்கு நினைத்த இடம்.

பிரணவ் மருமகளைக் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துவந்தான். முகூர்த்தம் தப்பவில்லை. தாலியைக் கையில் வாங்கிய சுடலைமுத்து மட்டும் ஒரு தடவை மூக்கைச் சுளித்தான். கட்டி முடித்தபோது பேச்சியம்மாளும் சுளித்தாள். நல்ல பொருத்தம் என்று ஐயர் சொன்னார்.

அட்சதை போட்ட கையோடு சுஷ்மிதா வந்தாள். "அப்ப மதினி, எங்க வீட்டுச் சரக்கை என்னிக்கு மாமா தலைக்கு ஏத்தலாம்?"

"அங்க இடம் இல்ல மதினி" என்றாள் சம்யுக்தா.

"என்ன மதினி இப்படிச் சொல்றீங்க? மைதானம் மாதிரின்னு..."

"அவன் சரக்கு முதல்ல திரும்பி அவன்கிட்ட போகட்டும். எங்க சரக்கை நாங்களே எடுத்துக்கப்போறோம். மிச்சம் இடம் இருந்தா அவன் என்ன வேணா வச்சுக்குவான், இல்ல காலியா வச்சுக்குவான். அது அவன் தலை."

சுஷ்மிதாவுக்கு முகம் சுண்டிப்போனது. கட்டின தாலியை என்ன செய்ய முடியும்? சம்யுக்தா அப்போதே மாடத்தியைக் கூப்பிட்டுச் சொல்லியும் விட்டாள். திங்கட்கிழமை மாற்றிக் கொடுப்பதாக மாடத்தி சொன்னாள், ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை.

பந்தி நடந்தது. சம்யுக்தா வரிசை ஓரத்தில் நின்று, யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுக்கு நெஞ்சு கனத்தது. 'என்னை இங்க யாரு மதிக்கிறா?' என்று பொருமிக்கொண்டு வந்தது. போன வாரமாக இருந்தால் கண்ணாடியைத் தேடிப்போய் முறைத்திருப்பாள். இப்போது பந்தியைப் பார்த்தாள். நடு வரிசையில் பிரணவ் இலையையே பார்த்துக்கொண்டு வாட்டமாக உட்கார்ந்திருந்தான், ஏன் வாட்டம் என்று தெரியாமல். இரண்டு பக்கத்து இலையிலும் அப்பளம் இருந்தது. அவன் இலையில் இல்லை.

பரிமாறுகிறவர் கையிலிருந்து கூடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அவன் இலையில் ஒன்றுக்கு மூன்றாக வைத்தாள்.

"எதுக்குக்கா இப்படி ஓடி வர்ற?" என்றான் பிரணவ்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

அவன் அப்பளத்தைச் சாம்பார் சாதத்தில் நொறுக்கிப் போட்டான். சம்யுக்தாவுக்கு நெஞ்சு லேசானது. தனக்கும் நல்ல பசி என்று அப்போதுதான் தெரிந்தது. தம்பி பக்கத்தில் இருந்த காலி இலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.